லாரிக்கு கிரீஸ் வாங்கும் முன்: ஹப்புக்கு எது, சேஸிஸுக்கு எது?

புதிதாக லாரி எடுத்தவரிடம் மைலேஜ், டயர் விலை, இன்சூரன்ஸ் தவணை என்று எதைக் கேட்டாலும் உடனே பதில் வரும். சக்கரத்தின் நடுவிலுள்ள ஹப்பில் என்ன கிரீஸ் இருக்கிறது என்று கேட்டால் மட்டும் "மெக்கானிக்குத்தான் தெரியும்" என்பார். மெக்கானிக்கைக் கேட்டால் "ஏ.பி. 3 போட்டிருக்கேன், நல்ல கிரீஸ்" என்பார். நல்ல கிரீஸாகவே இருக்கலாம். ஆனால் முன்சக்கரம் திரும்பும் கிங் பின்னுக்கும் அதே டப்பா, புரொப்பல்லர் ஷாஃப்ட்டை இணைக்கும் யு.ஜே. கிராஸுக்கும் அதே டப்பா, டிரெய்லர் என்றால் அதைப் பூட்டும் ஃபிஃப்த் வீலுக்கும் அதே டப்பா என்று போகும்போதுதான் செலவு ஆரம்பிக்கிறது.

முதல் லாரி வாங்கியவர்களையும் பட்டறையில் புதிதாகச் சேர்ந்த பையன்களையும் நினைத்து இதை எழுதுகிறேன். வண்டிக் கம்பெனியின் மேனுவல் கையில் இருந்தால் அதில் சொன்னதே முடிவு. பழைய வண்டி, மேனுவல் எங்கே போனதென்றே தெரியவில்லை என்பவர்கள் தொடர்ந்து படிக்கலாம்.

முதலில் வண்டியைச் சுற்றி வாருங்கள்

கொஞ்சம் பனியன் வேஸ்ட், ஒரு டார்ச் எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் போய், கிரீஸ் அடிக்கும் வாய்களான நிப்பிள்களை எண்ணுங்கள். முன்னால் கிங் பின், டை ராடு எண்ட், டிராக் லிங்க். ஸ்பிரிங் பட்டைகளின் முனைகளில் ஸ்பிரிங் பின்னும் ஷேக்கிள் பின்னும். நடுவில் புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் யு.ஜே. கிராஸ்களும் ஸ்லிப் ஜாயின்ட்டும். ஒவ்வொரு வீலுக்கும் உள்பக்கம் பிரேக் கேம் ஷாஃப்ட்டும், பிரேக் இடைவெளியைச் சரிசெய்யும் ஸ்லாக் அட்ஜஸ்டரும். டிப்பர் என்றால் பாடி தூக்கும் கீல் பின், டிரெய்லர் என்றால் ஃபிஃப்த் வீல் தட்டு. நிப்பிள் இல்லாமல், கழற்றினால் மட்டுமே கிரீஸ் வைக்க முடிகிற இடம் ஹப். வீல் பேரிங் அதற்குள்தான் இருக்கிறது.

எண்ணும்போதே ஒரு சாக்பீஸால் ஒவ்வொன்றின் பக்கத்திலும் கோடு போட்டுவிடுங்கள். சேற்றுக்கு அடியில் மறைந்து கிடக்கும் நிப்பிளும் உடைந்துபோன நிப்பிளும் இப்படித்தான் கண்ணில் படும். புதிய வண்டிகளில் பல இடங்களில் நிப்பிளே இருக்காது. ரப்பர் புஷ்ஷும் சீல் செய்த ஜாயின்ட்டும் வந்துவிட்டன. சில வண்டிகளின் வீல் பேரிங்கே மூடிய யூனிட்டாக, தொழிற்சாலையிலேயே கிரீஸ் வைத்து வருகிறது. அதைத் திறந்து "சர்வீஸ்" செய்யப் போகாதீர்கள்.

எண்ணி முடித்ததும் ஒவ்வொரு இடத்துக்கும் மூன்று கேள்வி கேளுங்கள். இங்கே சூடு ஏறுமா? தண்ணீர், உப்பு, தூசி படுமா? இது வேகமாகச் சுற்றுகிறதா, பாரத்தைத் தாங்கிக்கொண்டு லேசாக ஆடுகிறதா?

ஹப் சூட்டில் வேகமாகச் சுற்றும் இடம். தர்மபுரியிலிருந்து சேலம் நோக்கி வரும்போது தொப்பூர் கணவாய் இறக்கத்தில் முழு லோடு வண்டி பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்குவதை நினைத்துப் பாருங்கள். டிரம்மில் ஏறும் சூடு முழுக்கக் காற்றில் போய்விடாது, ஒரு பங்கு ஹப்புக்குள் இறங்கும். கிங் பின்னும் ஷேக்கிள் பின்னும் நேர் எதிர். அங்கே சூடு குறைவு, வேகமே கிடையாது. ஆனால் பல டன் எடை ஒரே இடத்தில் அழுத்திக்கொண்டிருக்கும், மழைத் தண்ணீரும் சேறும் நேராகப் படும். இரண்டு வேலைக்கும் ஒரே கிரீஸ் பொருந்தலாம், பொருந்தாமலும் போகலாம். அதை முடிவு செய்ய டப்பாவைப் படிக்கத் தெரிய வேண்டும்.

டப்பாவுக்குள் என்ன இருக்கிறது

கிரீஸில் பெரும்பங்கு எண்ணெய்தான், ஏறக்குறைய 70 முதல் 95 சதவீதம். அந்த எண்ணெய் ஓடிவிடாமல் பிடித்து வைக்க ஒரு கெட்டிப்பொருள் சேர்க்கிறார்கள். அப்புறம் துரு பிடிக்காமல் இருக்க, பாரம் தாங்க, சீக்கிரம் கெடாமல் இருக்க என்று கொஞ்சம் மருந்துகள். கெட்டிப்பொருள் எது என்பதை வைத்துத்தான் லித்தியம் கிரீஸ், கால்சியம் கிரீஸ் என்று பெயர்.

பழைய காலத்தில் லாரிக்கு இரண்டு கிரீஸ் கட்டாயம் வேண்டியிருந்தது. சேஸிஸுக்கு, அதாவது அடிச்சட்டத்தின் பின்களுக்கும் ஜாயின்ட்டுகளுக்கும், சாதா கால்சியம் கிரீஸ். தண்ணீருக்கு அசையாது, ஆனால் 60 டிகிரிக்கு மேல் நம்ப முடியாது, 100 டிகிரியை நெருங்கும்போது உருகிவிடும். வீல் பேரிங்குக்கு சோடியம் கிரீஸ். சூடு தாங்கும், தண்ணீர் பட்டால் கரைந்து போய்விடும். 1940-களில் லித்தியம் கிரீஸ் வந்த பிறகுதான் சூடு, தண்ணீர் இரண்டையும் ஓரளவு ஒரே டப்பா சமாளித்தது. எல்லாவற்றுக்கும் ஒன்று என்ற பழக்கம் அங்கிருந்துதான் தொடங்கியது. "ஏ.பி." என்று நாம் கேட்டு வாங்குவதும் அந்த ஆல் பர்ப்பஸ்தான்.

இன்று கடையில் நீங்கள் பார்க்கப்போவது பெரும்பாலும் மூன்று வகை. சாதா லித்தியம் 180, 190 டிகிரி வாக்கில் உருகிச் சொட்டும், 120 டிகிரி வரை நிம்மதியாக வேலை செய்யும். லித்தியம் காம்ப்ளெக்ஸ் 260 டிகிரியைத் தாண்டித்தான் சொட்டும், 150 வரை தாக்குப்பிடிக்கும். கால்சியம் சல்ஃபோனேட் காம்ப்ளெக்ஸ் 300 டிகிரிக்கு மேல் போகும். உப்புத் தண்ணீரிலும் இரும்பைத் துருவிடாமல் காக்கும், பாரமும் தாங்கும், விலையும் அதிகம். இவை போக பாலியூரியா என்று ஒன்று உண்டு, மூடிய பேரிங்குகளில் தொழிற்சாலையிலேயே வைக்கிறார்கள். பென்டோன் என்னும் களிமண் கிரீஸும் உண்டு. அது உருகவே உருகாது என்று விற்பார்கள். உருகாது, உண்மைதான். ஆனால் சூட்டில் அதிலுள்ள எண்ணெய் போய்விட்டால் மிஞ்சுவது வெறும் களிமண். லாரி ஹப்புக்கு அது தேவையில்லை.

டப்பாவின் பின்பக்கத்தைப் படியுங்கள்

கண்ணில் முதலில் பட வேண்டியது என்.எல்.ஜி.ஐ. எண். அமெரிக்காவில் 1933-இல் தொடங்கிய கிரீஸ் நிறுவனம் ஒன்று வகுத்த கெட்டித்தன்மை அளவு இது. 25 டிகிரி சூட்டில் ஒரு கூம்பு கிரீஸுக்குள் எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்று பார்த்து 000 முதல் 6 வரை எண் கொடுக்கிறார்கள். 00 தோசை மாவு மாதிரி ஓடும், 6 கத்தியால் வெட்டும் அளவுக்கு இருக்கும். எண் 2 என்றால் கூம்பு 26.5 முதல் 29.5 மி.மீ. இறங்கும், எண் 3 என்றால் 22 முதல் 25 மி.மீ. லாரிக்கு இந்த இரண்டும்தான் முக்கியம். நடுவில் பம்ப் வைத்துக் குழாய் வழியாகத் தானாகக் கிரீஸ் போகும் ஏற்பாடு உள்ள வண்டிகளுக்கு மட்டும் 0, 00.

இந்த எண் கெட்டித்தன்மையை மட்டும் சொல்லும், தரத்தைச் சொல்லாது. எண் 3 போட்ட மட்டமான கிரீஸும் உண்டு, எண் 2 போட்ட அருமையான கிரீஸும் உண்டு.

அடுத்தது டிராப்பிங் பாயின்ட். எந்தச் சூட்டில் முதல் சொட்டு விழுகிறது என்ற கணக்கு. பலர் இதையே வேலை செய்யும் சூடு என்று எடுத்துக்கொள்கிறார்கள். 190 என்று போட்டிருந்தால் அதிலிருந்து ஐம்பது, அறுபது டிகிரி கழித்துக்கொள்ளுங்கள். அதற்குக் கீழேயும் சூடு ஏற ஏற ஆயுள் குறையும். 70 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 15 டிகிரிக்கும் கிரீஸின் ஆயுள் பாதியாகும் என்பது பேரிங் கம்பெனிகள் வைத்திருக்கும் பொதுக்கணக்கு. மலை இறங்கும் வண்டிக்கும் சமவெளியில் ஓடும் வண்டிக்கும் ஒரே கிலோமீட்டர் கணக்கில் ஹப் கிரீஸ் மாற்றக் கூடாது என்பதற்கு இதைவிடக் காரணம் வேண்டாம்.

மூன்றாவது, உள்ளே இருக்கும் எண்ணெயின் கனம், அதாவது பிசுபிசுப்பு. 40 டிகிரியில் இத்தனை சென்டிஸ்டோக் என்று போட்டிருப்பார்கள். வீல் பேரிங்குக்கு 150 முதல் 220 சரியாக இருக்கும். மெதுவாக அசையும் பாரமான பின்களுக்கு 320, 460 என்று கனமான எண்ணெய் இருந்தால் நல்லது. சின்ன டப்பாக்களில் இதைப் போடுவதில்லை, கம்பெனியின் விவரத்தாளில் இருக்கும். கடைக்காரரிடம் அந்தத் தாளைப் போனில் அனுப்பச் சொல்லுங்கள். நல்ல டீலர் என்றால் முகம் சுளிக்காமல் அனுப்புவார்.

ஈ.பி. என்று போட்டிருந்தால் அதிக அழுத்தம் தாங்கும் மருந்து சேர்த்தது என்று பொருள். லாரியின் பாரமான இடங்களுக்கு ஈ.பி. உள்ளதாகவே பாருங்கள்.

அப்புறம் சில குறியீடுகள். ஜி.சி.-எல்.பி. என்று இருந்தால், ஜி.சி. வீல் பேரிங் கிரீஸின் மேல்தரம், எல்.பி. சேஸிஸ் கிரீஸின் மேல்தரம், இரண்டையும் இந்த டப்பா தாண்டியிருக்கிறது. ஜெர்மன் முறையில் கே.பி. 2 கே -30 என்று போட்டிருப்பார்கள். முதல் கே பேரிங் கிரீஸ், பி என்றால் ஈ.பி. மருந்து, 2 கெட்டித்தன்மை, அடுத்த எழுத்து மேல் சூட்டு எல்லை, கடைசி எண் குளிர் எல்லை. அந்தச் சூட்டு எழுத்து கே என்றால் 120 டிகிரி, என் என்றால் 140, பி என்றால் 160. இதைப் படிக்கத் தெரிந்தால் கடையில் பாதிப் பேச்சு மிச்சம்.

நிறத்தைப் பார்த்து மட்டும் வாங்காதீர்கள். நீலம், சிவப்பு, பச்சை எல்லாம் சாயம். ஒரு கம்பெனியின் சிவப்பு லித்தியம் காம்ப்ளெக்ஸாக இருக்கும், இன்னொரு கம்பெனியின் சிவப்பு சாதா லித்தியமாக இருக்கும். "பழைய கிரீஸ் ப்ளூவாத்தான் இருந்துச்சு" என்று ப்ளூ டப்பா கேட்பவர்கள் கடைக்குக் கடை உண்டு. கருப்பு மட்டும் ஓரளவு செய்தி சொல்லும், பெரும்பாலும் மோலியோ (மாலிப்டினம் டைசல்ஃபைடு தூள்) கிராஃபைட்டோ சேர்த்ததாக இருக்கும்.

எது எங்கே

ஹப்புக்கு லித்தியம் காம்ப்ளெக்ஸ், ஈ.பி., எண் 2 அல்லது 3. நம் ஊர் வெயிலுக்கு எண் 3 பழக்கமாகிவிட்டது, சூட்டில் இளகி சீல் வழியாக வழியாமல் நிற்கும் என்பதால். சாதா லித்தியம் எண் 3 போட்டு வருஷக்கணக்காக ஓடும் வண்டிகளும் இருக்கின்றன, சமவெளியில் மிதமான லோடு என்றால் ஒன்றும் ஆகாது. மலைப்பாதை, முழு லோடு, அடிக்கடி பிரேக் என்றால் காம்ப்ளெக்ஸுக்கு மாறுங்கள். குளிர்காலத்தில் வடக்கே மலைக்குப் போகும் வண்டிக்கு எண் 2 பரவாயில்லை, 3 அங்கே இறுகிவிடும்.

வீல் பேரிங்குக்கு மோலி வேண்டாம் என்பது என் கட்சி. உருளைகள் உருள வேண்டும். திடப்பொருள் அதிகமானால் உருளாமல் வழுக்கும். சில கம்பெனிகள் குறைந்த அளவு மோலியை அனுமதிக்கின்றன, மேனுவலில் அப்படி இருந்தால் சரி.

சேஸிஸ் நிப்பிள்களுக்கு லித்தியம் அல்லது லித்தியம் காம்ப்ளெக்ஸ் ஈ.பி. எண் 2. எண் 3-ஐ கிரீஸ் கன்னில் போட்டால் கை வலிக்கும், பின்னின் குறுகலான காடிக்குள் போய்ச் சேரவும் செய்யாது. யு.ஜே. கிராஸின் ஊசி பேரிங்குக்கு ஈ.பி. எண் 1 அல்லது 2.

உங்கள் லோடு என்ன என்பதும் முக்கியம். தூத்துக்குடியிலிருந்து உப்பு ஏற்றும் வண்டி, மீன் வண்டி, கடலோரத்திலேயே ஓடும் வண்டி இவற்றின் சேஸிஸுக்குக் கால்சியம் சல்ஃபோனேட் போட்டால் கொடுத்த காசு வீண் போகாது. ஷேக்கிள் பின் துருப்பிடித்து புஷ்ஷோடு ஒட்டிக்கொண்டால் அதை அடித்துக் கழற்றும் கூலியையும் வண்டி நிற்கும் நாளையும் கணக்குப் போட்டுப் பாருங்கள். எம்-சாண்ட் டிப்பருக்கு கிரீஸ் வகையைவிட அடிக்கடி அடிப்பதுதான் மருந்து. உள்ளே போன தூசியைப் புதுக் கிரீஸ்தான் வெளியே தள்ள வேண்டும்.

ஃபிஃப்த் வீல் தட்டு, டிப்பர் கீல் பின், போர்வெல் ரிக்கின் பெரிய பின்கள் இவைதான் மோலிக்கு உரிய இடம். அழுத்தத்தில் எண்ணெய் பிதுங்கி வெளியேறினாலும் மோலித் தூள் உலோகத்தில் ஒட்டி நிற்கும்.

ஒரே வண்டி வைத்திருப்பவர், இரண்டு டப்பா கட்டாது என்றால், லித்தியம் காம்ப்ளெக்ஸ் ஈ.பி. எண் 2 ஒன்றை வாங்கி ஹப், சேஸிஸ் இரண்டுக்கும் போடலாம். மலிவான சேஸிஸ் கிரீஸை ஹப்புக்குப் போடுவதுதான் கூடாது. சர்வோ, மேக், எச்.பி., காஸ்ட்ரால், பால்மரால் என்று எந்தப் பெயராக இருந்தாலும், அந்தப் பெயரில் பத்து வகை கிரீஸ் வரும். பெயரோடு வகையையும் சொல்லிக் கேளுங்கள். கிலோக் கணக்கில் அள்ளித் தரும் லூஸ் கிரீஸ் ஹப்புக்கு வேண்டவே வேண்டாம். உள்ளே என்ன இருக்கிறது என்று விற்பவருக்கே தெரியாது.

சந்தேகமான கிரீஸைச் சோதிக்க ஒரு வழி உண்டு. சுண்டைக்காய் அளவு எடுத்துத் தகரத்தில் வைத்து, பக்கத்திலேயே நீங்கள் நம்பும் கிரீஸையும் வைத்து, இரண்டையும் கீழிருந்து மெதுவாகச் சூடாக்குங்கள். நெருப்பு கிரீஸில் படக் கூடாது. எது முதலில் எண்ணெயாகி ஓடுகிறது என்று தெரிந்துவிடும். இதை வைத்துத் தரத்தைச் சான்றளிக்க முடியாது, காம்ப்ளெக்ஸ் என்று சொல்லி சாதாவைத் தலையில் கட்டினார்களா என்று பார்க்கலாம், அவ்வளவுதான்.

கலக்காதீர்கள்

லித்தியமும் லித்தியம் காம்ப்ளெக்ஸும் பொதுவாக ஒத்துப்போகும். லித்தியத்தோடு களிமண் கிரீஸ், சோடியம், அலுமினியம் காம்ப்ளெக்ஸ் ஒத்துப்போகாது. பாலியூரியாவும் பெரும்பாலும் ஒத்துப்போகாது. கால்சியம் சல்ஃபோனேட் பல லித்தியம் கிரீஸ்களோடு சேரும், இருந்தாலும் டீலரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஒத்துப்போகாத இரண்டு சேர்ந்தால் சில சமயம் கூழாகி ஓடிவிடும், சில சமயம் இறுகிக் கட்டியாகும். தனித்தனியாக இரண்டும் நல்ல கிரீஸாகவே இருக்கும், அதனால் பேரிங் போன பிறகு யாரும் கிரீஸைச் சந்தேகப்படுவதில்லை.

சேஸிஸ் நிப்பிளில் மாற்றுவது எளிது. புதுக் கிரீஸ் சுத்தமாக வெளியே வரும்வரை அடித்துப் பழையதைத் தள்ளிவிடலாம், முதல் சில வாரம் அடிக்கடி அடிக்க வேண்டும். ஹப்பில் அந்தச் சலுகை கிடையாது. பழைய கிரீஸை முழுக்கக் கழுவாமல் வேறு வகை வைக்கக் கூடாது.

ஹப்பைத் திறந்து கிரீஸ் வைப்பது

ஹப் திறக்கத் தனியாக நாள் குறிக்க வேண்டாம். பிரேக் லைனிங் மாற்றும்போது எப்படியும் கழற்றத்தான் போகிறீர்கள். மற்ற வீல்களுக்குக் கட்டை கொடுத்து, ஜாக்கி போட்டு, ஆக்சிலுக்குக் கீழே ஸ்டாண்ட் வையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வேலை செய்யாதீர்கள்.

ஹப் கையில் வந்ததும் உடனே துணியால் துடைத்துவிடாதீர்கள். பழைய கிரீஸை விரலில் எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள், மோந்தும் பாருங்கள். கருகின வாடையோடு கெட்டியாக, கருப்பாக இருந்தால் சூடு அதிகம் கண்டிருக்கிறது. பிரேக் பிடித்துக்கொண்டே ஓடியிருக்கலாம், பேரிங்கை இறுக்கியிருக்கலாம். பால் கலந்தது மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் போயிருக்கிறது. பின் ஹப்பில் கூழாக ஓடி, கியர் ஆயில் வாடை அடித்தால் ஆக்சில் பக்கத்து ஆயில் சீல் போய்விட்டது. அதை மாற்றாமல் எவ்வளவு விலையுள்ள கிரீஸ் வைத்தாலும் அது கரைந்து லைனிங்கில்தான் போய் நிற்கும். விரலில் தேய்க்கும்போது மினுமினுப்பாக உலோகத்தூள் தெரிந்தால் கிரீஸைப் பற்றி யோசிப்பதை நிறுத்திவிட்டுப் பேரிங்கைப் பாருங்கள்.

கழுவுவதற்கு மண்ணெண்ணெய் அல்லது டீசல், ஒரு பிரஷ். உருளைகளுக்கு இடையில் ஒட்டியிருப்பது முழுக்கப் போகவேண்டும். கம்ப்ரசர் காற்றை வைத்துப் பேரிங்கைச் சுற்றவிட்டு விளையாடாதீர்கள். எண்ணெய் இல்லாமல் அந்த வேகத்தில் சுற்றினால் பேரிங் கெடும், கூண்டு உடைந்து உருளை முகத்தில் தெறிக்கவும் செய்யும். காய்ந்த பிறகு உருளைகளில் நீலம் பாய்ந்திருக்கிறதா, வெளி வளையமான கப்பில் குழியோ கோடோ விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். ஒன்று இருந்தாலும் உருளைகளோடு சேர்ந்த கோன், கப் இரண்டையும் ஜோடியாக மாற்ற வேண்டும். நன்றாக இருந்தால் எந்தக் கோன் எந்தக் கப்பில் இருந்ததோ அங்கேயே திரும்பப் போகட்டும்.

இனி கிரீஸ் வைக்கும் வேலை. கையைக் கழுவித் துடைத்துக்கொள்ளுங்கள், கையில் ஒரு மணல் துகள் ஒட்டினாலும் பேரிங்குக்கு எமன். இடது உள்ளங்கையில் ஒரு உருண்டை கிரீஸ். வலது கையில் கோனைப் பிடித்து, அகலமான விளிம்பை உள்ளங்கையின் அடிப்பக்கத்தில் வைத்து அழுத்தி அழுத்தி இழுங்கள். மேலே குறுகலான பக்கத்தில், உருளைகளுக்கு நடுவிலிருந்து கிரீஸ் புழு மாதிரி எட்டிப் பார்க்கும்வரை அதே இடத்தில் அழுத்த வேண்டும். பிறகு கொஞ்சம் திருப்பி அடுத்த இடம். ஒரு சுற்று முடிந்ததும் உருளைகளின் வெளிப்பக்கம் ஒரு பூச்சு. மேலாகத் தடவிவிட்டு மாட்டினால் நடுவில் காய்ந்தே கிடக்கும், கண்ணுக்கு மட்டும் நிறைந்த மாதிரி தெரியும்.

பேரிங்குக்குள் முழுக்க வைக்க வேண்டும், ஹப்பின் குழிக்குள் முழுக்க வைக்கக் கூடாது. இரண்டு பேரிங்குக்கும் நடுவே உள்ள காலியிடத்தில் மூன்றில் ஒரு பங்கு, மிஞ்சினால் பாதி. ஹப்பை அடைத்து நிரப்பினால் கிரீஸ் கடைபட்டுச் சூடாகி, இடமில்லாமல் சீலைத் தள்ளிக்கொண்டு டிரம்முக்குள் வரும். "கிரீஸுக்குக் கஞ்சத்தனம் பண்ணாதே" என்று அடைக்கச் சொல்லும் ஓனர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் வண்டியில்தான் லைனிங் அடிக்கடி நனையும். ஆக்சில் முனையில் துரு பிடிக்காமல் இருக்க மெல்லிய பூச்சு போதும்.

ஆயில் சீல் எப்போதும் புதிதாகப் போடுங்கள், உதட்டில் கொஞ்சம் கிரீஸ் தடவி, சுற்றிலும் சமமாகத் தட்டி இறக்குங்கள். நட்டை முறுக்கும்போது ஹப்பைக் கையால் சுற்றிக்கொண்டே முறுக்க வேண்டும், அப்போதுதான் உருளைகள் சரியாக உட்காரும். பிறகு மேனுவலில் சொன்ன அளவு பின்னால் விட வேண்டும். பொதுவாக 0.025 முதல் 0.125 மி.மீ. ஆட்டம் இருக்கலாம். கையால் அசைத்து உணர முடியாத அளவு அது, டயல் கேஜ் இருந்தால் வைத்துப் பாருங்கள். லாக் வாஷர், ஸ்பிளிட் பின் பழையதைத் திருப்பிப் போடாதீர்கள்.

மாட்டி முடித்து இருபது கிலோமீட்டர் ஓட்டி, பிரேக்கை அதிகம் மிதிக்காமல் நிறுத்தி, இரண்டு பக்க ஹப் சூட்டையும் ஒப்பிடுங்கள். நேராகத் தொடாமல், சூடு காட்டும் துப்பாக்கிக் கருவி வைத்துப் பார்ப்பது நல்லது. ஒரு பக்கம் மட்டும் நன்றாகக் கூடுதலாக இருந்தால் மறுபடியும் திறக்க வேண்டியதுதான்.

கிரீஸ் கன் எடுக்கும்போது

நிப்பிளைத் துடைக்காமல் கன்னைச் செருகினால் வெளியே இருந்த மண்ணை நீங்களே உள்ளே தள்ளுகிறீர்கள். துடைத்துவிட்டு அடியுங்கள்.

யு.ஜே. கிராஸில் நான்கு கப்பிலிருந்தும் புதுக் கிரீஸ் எட்டிப் பார்க்க வேண்டும். மூன்றில் வந்து ஒன்றில் வரவில்லை என்றால் அந்த ஒன்றுதான் முதலில் போகும். ஷாஃப்ட்டை ஆட்டி, திருப்பி மறுபடி அடியுங்கள், அப்படியும் வராவிட்டால் கழற்றிப் பார்க்க வேண்டும். கிங் பின்னில் ஏறாமல் அடம் பிடித்தால் முன் ஆக்சிலை ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்ட் கொடுத்து, ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் திருப்பிக்கொண்டே அடியுங்கள். பாரம் ஒரு பக்கமாக அழுத்திக்கொண்டிருந்தால் அந்தப் பக்கத்துக்குக் கிரீஸ் போகாது. ஷேக்கிள் பின்னுக்கும் இதே கதைதான்.

பிரேக் கேம் ஷாஃப்ட் மட்டும் எதிர்மாதிரி. அங்கே தாராளம் காட்டினால் கிரீஸ் டிரம்முக்குள் போய் லைனிங்கில் படும், பிரேக் பிடிக்காது. ஸ்லாக் அட்ஜஸ்டர் பக்கம் லேசாகத் தெரிந்ததும் நிறுத்திவிடுங்கள். தானாகச் சரிசெய்துகொள்ளும் ஸ்லாக் அட்ஜஸ்டருக்குச் செய்த கம்பெனி சொன்ன கிரீஸ் மட்டும்.

கையால் இயக்கும் கன்னிலேயே ஆயிரக்கணக்கான பி.எஸ்.ஐ. அழுத்தம் வரும். ஓஸ் பைப்பில் ஓட்டை இருக்கிறதா என்று விரலை வைத்துப் பார்க்காதீர்கள். கிரீஸ் தோலுக்குள் பாய்ந்துவிட்டால் வெளியே ஒரு புள்ளிதான் தெரியும், வலிகூட முதலில் இருக்காது. உடனே ஆஸ்பத்திரிக்குப் போய், கிரீஸ் உள்ளே போயிருக்கிறது என்று சொல்ல வேண்டும். மறுநாள் பார்க்கலாம் என்று விட்டு விரலை இழந்தவர்கள் உண்டு.

எப்போது அடிப்பது என்றால், வாட்டர் சர்வீஸ் முடிந்த உடனே கட்டாயம். பிரஷர் தண்ணீர் பின்களுக்குள் புகுந்திருக்கும், கிரீஸ் அதை வெளியே தள்ளும். சர்வீஸ் ஸ்டேஷனில் இரண்டையும் செய்யும்போது கிரீஸ் முதலிலும் தண்ணீர் பிறகும் அடித்தால் காசு கொடுத்ததற்குப் பலன் பாதிதான். மற்றபடி மேனுவல் கணக்கு. மழைக்காலத்திலும் தூசி லோடிலும் அந்த இடைவெளியைப் பாதியாக்குங்கள். அடிக்கும் பையன் எல்லா நிப்பிளும் அடித்தானா என்பதை வெளியே வந்திருக்கும் புதுக் கிரீஸைப் பார்த்தே சொல்லிவிடலாம். நீங்கள் போட்ட சாக்பீஸ் கோடுகளும் உதவும்.

செகண்ட்ஹேண்ட் வண்டி எடுத்தால், முன் ஓனர் என்ன சொன்னாலும், எல்லா ஹப்பையும் ஒருமுறை திறந்து கழுவி ஒரே வகைக் கிரீஸில் ஆரம்பியுங்கள். டப்பாவில் இருக்கும் முழுப்பெயர், எண், தேதி, கிலோமீட்டர் இவற்றை மார்க்கரால் டூல் பாக்ஸ் மூடியின் உள்பக்கம் எழுதிவையுங்கள். வழியில் எந்த ஊரில் ஹப் திறக்க நேர்ந்தாலும் அங்கிருக்கும் மெக்கானிக் அதைப் பார்த்துக் கேட்டு வாங்குவார். அவர் கடையில் அந்த வகை இல்லையென்றால், பழையதை முழுக்கக் கழுவச் சொல்லிவிட்டு வேறு வைக்கச் சொல்லுங்கள், அதையும் மூடியில் எழுதிவிடுங்கள்.